ஐஸ் இழுத்ததாகச் சொல்லப்படும் கோடுகள்

ஓயா என்கிற எங்கள் காட்டாற்றுக்குக் குறுக்கே ஒரு கல்பாலம். காட்டு ஊற்றிலிருந்து கீழ் ஊர் வரைக்கும் தண்ணீர்க் குழாய். அடைமழைக்கு மலையே இறங்கி வரும் பாதையில், வந்த மலை வெட்கப்பட்டுத் திரும்பிப் போகும்படியான மதகுகள். அட்டையும் காட்டுப்பன்றியும் பரம்பரைச் சொத்தாக அனுபவித்து வந்த மேட்டில் ஓடு போட்ட ஒரு விருந்தினர் விடுதி, அதில் வெந்நீர் வரும் குளியலறை. வெந்நீர் எப்போதும் வரும் என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள்.

இவ்வளவையும் கட்டியவன் நான். கட்ட முடியாது என்று சொன்னவர்கள் படித்த பொறியியலாளர் ஒருவர், படிக்காத என் மாமனார், வனக்காவலர், ஆடி மாதக் காற்று. பிறகு இவர்கள் எல்லோரும் அந்தக் கல்பாலத்தின் மேல்தான் நடந்து போனார்கள், காற்று உட்பட.

மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு முறிந்தது. அதற்குப் பிறகு அது என் உதவி இல்லாமலே எப்படியோ நடந்து வருகிறது. நான் ஏலத் தோட்டத்தில் கூலிக்கு இருந்து, கல்லுடைக்கப் பழகி, கல்லுடைப்பவர்களுக்குத் தலைவனாகி, கடைசியில் கொந்தராத்து, அதாவது ஒப்பந்த வேலை, எடுக்கிற ஆளானேன். இதை நான் தற்பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையே பெருமையாக இருந்தால் நான் என்ன செய்வது.

பாலத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பட்டியலில் இப்போது இல்லாதது அது ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு வெள்ளம், மரமும் மண்ணும் பாறையுமாக இறங்கி, அதைக் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் அரசாங்கம் கொங்கிரீட் பாலம் போட்டிருக்கிறது. அதன் தூணில் ஒரு பெயர் மாபிளில் பொறித்திருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒருநாள் வந்தார், கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டினார், ஒரு இளநீர் குடித்தார், போனார். பாலத்துக்காக அவர் சிந்திய வியர்வை அந்த இளநீரால் ஈடாகியிருக்கும்.

ஆகவே அங்கே ஒரு கல்பாலம் இருந்தது, அதை நான் கட்டினேன் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற சாட்சி ஒன்றே ஒன்று. ஓயாக் கரையில் யானை படுத்த மாதிரி ஒரு கற்பாறை சாய்ந்து கிடக்கிறது. அதன் முதுகில் காட்டுப் பக்கமிருந்து தண்ணீர்ப் பக்கமாக நீளக் கோடுகள் ஓடுகின்றன. பாலத்துக்குக் கல் இழுத்தபோது விழுந்த கோடுகள். அந்தப் பாறைக்குப் பக்கத்தில் இப்போது நீலப் பலகை ஒன்று நிற்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கில் பனிப்பாறை நகர்ந்தபோது கீறிய தடங்கள் இவை என்று அது மூன்று மொழியிலும் அறிவிக்கிறது.

பனிப்பாறை. மாத்தளை மாவட்டத்தில்.

எங்கள் பக்கத்தில் ஐஸ் என்றால் பள்ளிக்கூட வாசலில் விற்கிற ஐஸ் பழம், அதைவிட்டால் மீன் லொறியின் பின்னால் சொட்டிக்கொண்டு போகிற ஐஸ். இரண்டும் பாறையைக் கீறி நான் பார்த்ததில்லை. மீன் லொறி ஐஸ் எங்கள் கீழ் ஊரான பல்லேகமவுக்கு வந்து சேர்வதற்குள் தண்ணீராகிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில், மலை அளவு ஐஸ் ஒன்று காடு இறங்கி வந்து, என் பாறையைத் தேடிப் பிடித்து, என் கல் போன வழியிலேயே கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு முதுகுவலி வந்ததாகப் பலகையில் எழுதவில்லை. எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த ஐஸைக் கொண்டுவந்தவர் என் விடுதியில் தங்கிய ஒரு வெள்ளைக்காரர். ஏதோ பனி நாட்டுக்காரர். மனைவியோடு ஓயாவில் குளிக்கப் போனவர், ஈரத் துவாயோடு ஓடிவந்து, எங்கள் ஊரிலும் அச்சு அசல் இதே மாதிரிக் கோடுகள் இருக்கின்றன, அவை பனிப்பாறை போட்டவை என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னார். ஊர் ஞாபகம் வந்தால் மனிதன் எதையும் பார்ப்பான். எங்கள் தோட்டத்து முதியவர் ஒருவர் எந்தக் குன்றைப் பார்த்தாலும் பழனி மலை மாதிரி இருக்கிறது என்பார். அதற்காக யாரும் அங்கே மொட்டை போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் வெள்ளைக்காரர் சொன்ன நேரத்தில் பக்கத்தில் நானா என்பவர் இருந்தார். நானா உக்குவளையிலிருந்து வந்து பல்லேகமவில் மிளகு, ஏலம், கராம்பு வாங்கி விற்கிற வியாபாரி. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவதால் நானும் கூப்பிடுகிறேன். ஊர்ச் சுற்றுலாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் அதில் ஆலோசகர். ஆலோசகர் என்றால் கூட்டத்துக்கு உட்காரக் கதிரை கொடுப்பவர்.

வெள்ளைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் நானாவின் கண்ணில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

"அண்ணே, கேட்டீங்களா? நம்மட ஊர்ல ஐஸ் ஈந்தீக்கு."

"நானா, அது நான் கல்லு இழுத்த தடம்."

"நீங்க கல்லு இழுத்தீங்க, நான் இல்லன்னு செல்லல்ல. அதுக்கு முந்தி ஐஸ் இழுத்தீக்கும்."

"ஐஸ் இழுத்துட்டுப் போன கோட்டுலயே நான் அச்சுப் பிசகாம இழுத்தேனா?"

"ஒங்கட வேலை அவ்வளவு நேர்த்தி அண்ணே" என்றார் நானா. மிளகில் கல் கலந்திருக்கிறது என்று விவசாயியிடம் சொல்லும்போதும் அவர் இதே இனிமையோடுதான் சொல்வார்.

ஒரு மாதத்துக்குள் பலகை நின்றுவிட்டது. திறப்பு விழாவுக்கும் கதிரை நான்தான் கொடுத்தேன்.

வீட்டில் வந்து கத்தினேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த ஐஸைப் பாக்கத்தானே இந்தச் சனங்க வருது? ஒங்க மூஞ்சியைப் பாக்கவா வருது? ரூம் எல்லாம் நெறஞ்சு கெடக்கு. கொஞ்ச நாளைக்கு வாயைத் தைச்சுக்கிட்டு இருங்க."

"என் வேலைக்கு இன்னொருத்தன் பேரு போடுறான்டி."

"இன்னொருத்தனா? ஐஸ்தானே. ஐஸ் என்ன, ஒங்களுக்குப் பங்காளியா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் எழுந்து போனேன். ஒரு பங்காளி என் வேலையைத் தன் வேலை என்று சொன்னால் சட்டையைப் பிடிக்கலாம். ஐஸுக்குச் சட்டை கிடையாது. வாய் திறந்தால் விடுதி காலியாகும், திறக்காவிட்டால் பாலம் ஒருநாளும் இருந்ததில்லை என்று ஆகும். மற்றவர்கள் முதலாவதற்குப் பயந்தார்கள். எனக்கு இரண்டாவதில் தூக்கம் போயிற்று.

கல் எப்படி இழுத்தோம் என்பதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது மின்னல் இழுத்தது என்பார்கள்.

ஓயாவில் கிடக்கிற கல் எல்லாம் பலாக்கொட்டை மாதிரி உருண்டை. பாலத்தின் தாங்கு சுவருக்கு உதவாது. தட்டைக் கல் வேண்டுமென்றால் காட்டு ஓரத்து மேட்டில்தான் உடைத்து எடுக்க வேண்டும். உடைப்பது சுலபம். துளை போட்டு ஆப்பு இறக்கினால் கல் தானாகப் பிளந்து கொடுக்கும், மனிதர்களைப் போல அடம் பிடிக்காது. கீழே கொண்டுவருவதுதான் கஷ்டம். பாதை கிடையாது. இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் இந்தச் சாய்ந்த பாறை. ஆகவே கல்லைச் சங்கிலியால் கட்டி, பாறையின் முதுகிலேயே இழுத்து இறக்கினோம். முன்னால் பாதிப் பேர் இழுக்க, பின்னால் பாதிப் பேர் கயிற்றைப் பிடித்து, ஓடிவிடாமல் நிறுத்த வேண்டும். கல்லுக்கு அடியில் வாழைத்தண்டு போடுவோம். வாழைத்தண்டு நசுங்கி வழுக்கும். ஆனால் பாதி வழியில் தண்டு கூழாகிவிடும், பிறகு கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் இருப்பது மணலும் சரளையும்தான். அவை பாறையைச் சீவிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் பல்லெல்லாம் கூசும். என் பல் இப்போது இல்லாததற்கு வெற்றிலை காரணம் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு அந்தச் சத்தத்தின் மேல்தான் சந்தேகம்.

இழுத்தவர்கள் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள். காட்டுக்குள் ஏலம் போடுவது நின்றுபோய் வேலை இல்லாமல் இருந்தவர்கள். மற்றப் பாதிப் பேர் கீழ் ஊர்ச் சிங்கள விவசாயிகள். பாலம் வந்தால் இரண்டு பக்கத்துக்கும் லாபம், ஆகவே இரண்டு பக்கத்தாரும் இரண்டு பாஷையிலும் என்னைத் திட்டிக்கொண்டே இழுத்தார்கள்.

பாறையின் நடுவில் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பில் அப்போது பெரிய நாகமரம் ஒன்று நின்றது. காட்டுக்குள் போகிற யாரும் ஒரு கொப்பை முறித்து அந்த மரத்தில் தொங்கவிட்டுத்தான் போவார்கள். சிங்கள ஆட்கள் தங்கள் காட்டுத் தெய்வத்துக்கு என்று தொங்கவிடுவார்கள், நாங்கள் பிள்ளையாருக்கு என்று தொங்கவிடுவோம். மரம் எந்தக் கொப்பையும் யாருடையது என்று விசாரித்ததில்லை. கல் நேராக இறங்க வேண்டுமென்றால் அந்த மரத்தை வெட்ட வேண்டும். வெட்டலாமே என்று நான் சொன்னேன். எல்லோரும் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே மரத்துக்கு மரியாதை கொடுத்து, அந்த இடத்தில் வளைந்து இறங்கினோம்.

வளைந்தால் போதாது. ஒவ்வொரு கல்லும் மரத்தடியில் நிற்க வேண்டும், ஒருவன் போய்க் கொப்பு முறித்துத் தொங்கவிட வேண்டும், பிறகுதான் இழுப்பார்கள். காலையில் மொத்தமாக ஒரு கொப்பு வைத்தால் நாள் முழுக்கக் காணாதா என்று கேட்டேன்.

"அப்ப காலையில ஒரு தடவை தின்னுட்டு நாள் முழுக்க இருந்துருவீங்களா கொந்தராத்து?" என்று லயத்து ஆள் ஒருவன் கேட்டான்.

நான் சாப்பாட்டு விஷயத்தில் பலவீனமானவன் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு பேச்சு முடிந்தது. ஒவ்வொரு கல்லும் அந்த ஒரே இடத்தில் இறங்கி நின்றது, கொப்பு ஏறியது, மறுபடி புறப்பட்டது. கடைசிக் கல் வரைக்கும் இப்படித்தான். பாலத்தைக் கொண்டுபோன வெள்ளத்துக்கு முந்திய மழையில் அந்த மரம் சாய்ந்து, தண்ணீரோடு போய்விட்டது. பாறையில் வெடிப்பு மட்டும் இருக்கிறது.

பலகை நின்று கொஞ்ச நாளில் குழுவுக்கு ஒரு ஆசை வந்தது. ஐஸுக்குப் படித்தவர் ஒருவரிடம் அத்தாட்சி வாங்கிவிட்டால் வெளிநாட்டுப் பத்திரிகைக்கே எழுதலாம் என்று நானா சொன்னார். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். நிலமும் கல்லும் பற்றிப் படிப்பிக்கிறவர், மாத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தங்கியது என் விடுதியில். வெந்நீர் வரவில்லை என்று அவர் முறையிடவில்லை, அதிலேயே எனக்கு அவர் மேல் மதிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் பாறைக்குப் போவார் என்று நானா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவரோ விடுதிக்குப் பின்னால் இருக்கிற சதுப்புக்குப் போனார். விருந்தாளிகள் கண்ணில் படாதபடி நான் தகரம் அடித்து மறைத்து வைத்திருக்கிற ஒரே இடம் அது. நாற்றமும் நுளம்புக் கடியும். அதில் முழங்கால் வரை இறங்கி, நீளக் குழாய் ஒன்றை இறுக்கி இறக்கி, சேற்றை அப்படியே புட்டுக் குழலிலிருந்து புட்டு எடுப்பது போல எடுத்தார். மேலே பழுப்பு, நடுவில் கறுப்பு, கீழே சாம்பல் நிறம்.

"ஐயா, இதுதான் நான் தேடி வந்தது."

"சொல்லியிருந்தா வாளியில அள்ளி பஸ்ல அனுப்பியிருப்பேனே மிஸ்."

அவர் சிரித்தார். "அள்ளினா கலங்கிரும். அடுக்கு அடுக்காத்தான் வேணும். உலகத்துல வேற பக்கம் எல்லாம் பெரிய ஐஸ் மூடிக் கெடந்த காலம் ஒன்னு இருந்திச்சு. ஒரு தடவை இல்ல, பல தடவை. அப்ப இங்க குளிரு கூடியிருக்கும், மழை கொறைஞ்சிருக்கும். இந்தக் காடு சுருங்கி, புல்லு பரவியிருக்கலாம். அந்தப் புல்லோட பூந்தூள் இந்த மாதிரிச் சேத்துல அப்பிடியே கெடக்கும். எண்ணிப் பாத்தா எப்ப காடு, எப்ப புல்லுன்னு தெரியும்."

"அப்ப ஐஸ்?" என்று நானா கேட்டார். வெள்ளைச் சட்டையில் சேறு தெறித்திருந்தது.

"ஐஸ் இங்க வரல்ல. அதுக்கு இந்த மலை ஒசரம் காணாது. அதோட நாம சூரியனுக்கு நேர் கீழ இருக்கோம். ஐஸ் தூரத்துல இருந்திச்சு, அதோட மூச்சு மட்டும் இங்க வந்திச்சு."

தூரத்தில் இருந்துகொண்டே மூச்சு விட்டதற்கு மூன்று மொழியில் பலகை. பக்கத்தில் நின்று மூச்சு வாங்கியவனுக்கு ஒன்றும் இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மிஸ் இன்னும் பாறையைப் பார்க்கவில்லையே.

பிறகு பாறைக்குப் போனோம். அவர் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், முகம் பாறையில் படுகிற அளவுக்குக் குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தார். நானா மூச்சுக் காட்டாமல் நின்றார். நானும்தான்.

"ஐஸ் கீறினதுன்னு நெனைச்சதுல தப்பில்ல" என்றார். "ஐஸும் இதேதான் செய்யும். அடியில கல்லைப் புடிச்சுக்கிட்டு, மேல பாரத்தைப் போட்டு, பாறை மேல இழுத்துக்கிட்டுப் போகும். ஆனா இது ரொம்பப் புதுசு. கோட்டோட விளிம்பு இன்னும் மழுங்கவே இல்ல. யாரோ எதையோ இழுத்திருக்காங்க."

"அந்த யாரோ நான்தான் மிஸ்."

"நீங்களா?" என்று திரும்பிப் பார்த்தார். "எங்க போனாலும், ஒரு பெரியவரு வந்து இதை நான்தான் செஞ்சேன்னு சொல்லுவாரு ஐயா. கோவிச்சுக்காதீங்க. எதைக் கட்ட இழுத்தீங்க?"

"பாலம்."

"எங்க?"

"ஆறு கொண்டுபோச்சு."

நானா இருமினார். எழுபது வருஷ வாழ்க்கையில் நான் சொன்ன மிக உண்மையான வாக்கியம், கேட்கிறவர் காதில் மிக மட்டமான சாக்குப் போக்காக ஒலித்தது அன்றைக்குத்தான்.

ஆகவே அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பாறையின் நடுவுக்குப் போனேன். கோடுகள் எல்லாம் நேராக இறங்கி வந்து, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒதுங்கி, அரைவட்டம் போட்டு, மறுபடி நேராவதைக் காட்டினேன். பலகையில் இதற்கும் விளக்கம் இருக்கிறது, பனிப்பாறை திரும்பிய இடம் என்று. எதைக் கண்டு திரும்பியது என்று எழுதவில்லை.

"இங்க ஒரு நாகமரம் நின்னுச்சு மிஸ். அதை வெட்ட மாட்டேன்னுட்டாங்க. சுத்தித்தான் இழுத்தோம். இதோ, இந்த எடத்துல ஒவ்வொரு கல்லையும் நிப்பாட்டிக் கொப்பு வைக்கிறது. ஐஸா இருந்தா மரத்தைப் பேத்துக்கிட்டுப் போயிருக்கும். ஐஸுக்குப் பிள்ளையாரைத் தெரியுமா?"

வளைவு தொடங்குகிற இடத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பாறை கொத்துக் கொத்தாகச் சிதைந்து, தேய்ந்து, குழி விழுந்து கிடக்கிறது. ஒவ்வொரு கல்லும் இறங்கி உட்கார்ந்த இடம். மிஸ் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு வெடிப்புக்குள் அலவாங்குக் கம்பியை விட்டு நெம்பச் சொன்னார். நான் நெம்பினேன், இந்த வயதில், ஒரே தள்ளலில். உள்ளேயிருந்து உக்கிப்போன கறுப்பு வேர் துண்டு துண்டாக வந்தது.

மிஸ் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொப்பு வைக்க நிப்பாட்டின எடம்" என்று தனக்குள் சொன்னார். "நான் பாத்த பாறையிலயே இந்த மாதிரி ஒன்னு இல்ல ஐயா. இது ஒங்க தடம்தான்."

"ஐஸும் கொந்தராத்துக்காரன்தான்னு வெளங்குது மிஸ். ஆனா இந்த வேலைக்கு அவன் வரல்ல."

அதோடு விட்டிருந்தால் அது என் வாழ்க்கையின் நல்ல நாள்களில் ஒன்றாக இருந்திருக்கும். படித்தவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பாறையின் ஓரத்தில் இருக்கிற இரண்டு அகலமான பட்டைகளைக் காட்டி, இவை உங்களுடையவை அல்ல, பாறை உண்டானபோதே உள்ளே இருந்தவை என்றார். அவையும் என்னுடையவைதான் என்று நான் சொன்னேன். இல்லை என்று அவர் சொன்னார். அந்தப் பக்கம் நாங்கள் இழுக்கவில்லை என்பது எனக்கும் ஞாபகம் வந்தது, ஆனால் பாறை பெரியது, அதற்கு இரண்டு கோடு கூடினால் யாருக்கு நஷ்டம். பாறைக்கே விட்டுக்கொடுத்தேன். இதையும் என் பெருந்தன்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் நானாவின் கடையில் குழு கூடியது. மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நான் கொடுத்த கதிரைகள். மிஸ் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். சேறுதான் பெரிய விஷயம், அந்தச் சதுப்பைக் கெடுக்காமல் காப்பாற்ற வேண்டும், பலகையில் ஐஸ் என்று எழுதியிருப்பது பிழை என்றார்.

நானா தாடியைத் தடவினார். "மிஸ், நீங்க செல்றது சரி. ஆனா சேத்தப் பாக்க யாரு வருவா? எங்கட வயல்ல இல்லாத சேறா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒங்கட ரூமும் நெறைஞ்சுதானே ஈக்கு. ஐஸ் ஒரு பக்கத்துல ஈந்துட்டுப் போகட்டும். ஒங்கட பேர ஒங்கட விடுதி கேட்டுல பெருசா எழுதுவோம். நான் எழுதித் தாறேன்."

"என் வீட்டுக் கேட்டுல என் பேரை எழுதுறதுக்கு நீங்க எதுக்கு நானா?"

"அப்ப என்னதான் வேணும்?"

"என் கோட்டுல என் பேரு."

மிஸ் எனக்காகப் பேசினார். தன் அறிக்கையில் தெளிவாக எழுதுவதாகச் சொன்னார். எழுதியதை அங்கேயே வாசித்தும் காட்டினார். இந்தக் கீறல்கள் பனிப்பாறையால் உண்டானவை அல்ல, உள்ளூர் மக்கள் கல் இழுத்ததால் உண்டானவை.

உள்ளூர் மக்கள்.

மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் அப்பா இந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதத்துக்காக எத்தனை அலுவலகத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும். அங்கே ஒருவரும் அவரை உள்ளூர் மக்கள் என்று சொல்லவில்லை. நான் மேட்டில் நிலம் கேட்டபோது, வெளியிலிருந்து வந்தவனுக்கு எதற்கு என்றார்கள். பாலம் கட்ட வந்தபோது தோட்டத்தான் என்றார்கள். கட்டி முடித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது, பெயர் எழுத வேண்டிய ஒரே இடத்தில், பெயரை எழுதாமல் விடுவதற்காக, என்னை அவசர அவசரமாக உள்ளூர் மக்கள் ஆக்கியிருக்கிறார்கள். இந்த வரவேற்பு கொஞ்சம் முன்னாடியே கிடைத்திருந்தால் என் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்.

இதை நான் அங்கே சொன்னேன். இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை, இடையில் ஒரு கதிரையும் சாய்ந்தது. மிஸ் முகம் சிவந்து, "மன்னிச்சுக்குங்க ஐயா, அறிக்கையில அப்பிடித்தான் எழுதுறது வழக்கம்" என்றார். அவர் அப்பாவும் தோட்டத்தில் இருந்தவர்தான். அந்த வரியை அங்கேயே பேனாவால் அடித்தார். புதிதாக என்ன எழுதுவார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

நானாவும் கெட்டவர் இல்லை. சாய்ந்த கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "லீவு நாள் முடியட்டும் அண்ணே, சனம் கொறைஞ்ச பொறகு பலகையப் பாப்போம்" என்றார். லீவு முடிந்து அடுத்த லீவும் வந்துவிட்டது. பலகை அங்கேயே நிற்கிறது. என் மனைவி விருந்தாளிகளுக்கு இன்னும் ஐஸைப் பற்றித்தான் சொல்கிறாள், நான் இல்லாத நேரமாகப் பார்த்து. நான் இருக்கிற நேரத்தில் விருந்தாளிகளைப் பாறைக்குக் கூட்டிப் போய் என் கதையைச் சொல்கிறேன். சிலர் அறையைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். சிலர் வளைவில் நின்று, பக்கத்துச் செடியில் ஒரு கொப்பை முறித்து வெடிப்பில் சொருகிவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் நான் வாடகையில் சலுகை காட்டுவதில்லை, ஆனால் சோற்றுக்கு இன்னொரு கறி வைக்கச் சொல்கிறேன்.

ஆகவே குழுவுக்கும், பல்கலைக்கழகத்துக்கும், இனி இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எதையாவது எழுத நினைக்கிற யாருக்கும் நான் கேட்பது இதுதான். சேற்றைப் பற்றி எழுதுங்கள், அது மிஸ்ஸுடைய வேலை, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். சதுப்பைத் தகரம் அடித்து இத்தனை நாள் காப்பாற்றியவன் நான் என்று ஒரு வரி சேர்த்தால் மறுக்க மாட்டேன். ஓரத்து இரண்டு பட்டைகளும் பாறைக்கே. நடுவில் இருக்கிற கோடுகள், வளைவு, கல் நின்ற குழி, இவற்றுக்குக் கீழே என் பெயரை, என் அப்பாவின் பெயரை முன்னால் வைத்து, மூன்று மொழியிலும் பிழையில்லாமல் எழுத வேண்டும். என்னோடு இழுத்தவர்களின் பெயர்களும் என்னிடம் இருக்கின்றன, இரண்டு பக்கத்து ஆட்களுடையதும். கேட்டால் தருகிறேன். அவர்கள் என்னைத் திட்டியவர்கள், ஆனாலும் எழுத வேண்டும், எழுத்து மட்டும் என் பெயரைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தால் போதும். கல்பாலம் என்ற சொல்லும் அதில் இருக்க வேண்டும். உள்ளூர் மக்கள் என்ற சொல் இருக்கக் கூடாது.